ஷீலா கல்யாணத்துக்கு மூன்று முகவரிகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வைட்ஃபீல்டு ஆபீசில் நாளெல்லாம் நெட்வொர்க் வேலை. வீட்டுக்கு, காக்ஸ் டவுன் வந்தால் கோயிலிலும் அதே வேலை.

சனிக்கிழமை மைத்துனி ஷீலாவின் கல்யாணம். அவளுக்கும் மாப்பிள்ளை வினோத்துக்கும் காது கேட்காது. கோயில் மாடி கேலரி ரிப்பேர், மூடிவிட்டார்கள். கீழே சொந்தக்காரர்களுக்கே இடம் போதாது. ஆகவே இருவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் எல்லாரும் பின்னாலுள்ள பாரிஷ் ஹாலில். அங்கே ஜோடி ஜோடியாக டிவி. ஒன்றில் பீடம், பக்கத்து டிவியில் கிரேசி. கிரேசி என் மனைவி, ஷீலாவின் அக்கா. ஃபாதர் பேசப் பேச அவள்தான் சைகையில் சொல்லப் போகிறாள்.

"அத்தன டிவிக்கும் தனித்தனியா அனுப்பணுமா?" என்றாள்.

"வேணாம். ஒரு நம்பருக்கு ஒரு தடவ அனுப்பினா போதும். அந்த நம்பரக் கேக்குற டிவி எல்லாம் எடுத்துக்கும். மல்டிகாஸ்ட்."

"ரேடியோ ஸ்டேஷன் மாதிரி."

நான் பாடமெடுக்கத் தயாராக இருந்தேன். அவ்வளவுதான், முடிந்தது பாடம்.

முகவரி: 239.10.10.1. (239-இல் தொடங்கினால் உள்ளுக்குள் புழங்கலாம், யாரையும் கேட்க வேண்டாம்.)
பீடம்: போர்ட் 5004. (முகவரி வீடு என்றால் போர்ட் அதன் கதவு.)
கிரேசி: அதே முகவரி, போர்ட் 5006.
கேபிள், டேப் வாங்க. கோட் இடுப்பில் இறுக்குகிறது. இதற்கு வழியில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒத்திகை. மானம் போயிற்று.

பீடத்து கேமரா மட்டும் ஓடும்போது கண்ணாடி மாதிரி படம். கிரேசியின் கேமராவைப் போட்டதும் எல்லா டிவியிலும் கட்டம் கட்டமாக உடைசல். கிரேசியின் விரல்கள் பாதியில் உறைந்து நிற்கின்றன. விரல் தெரியாவிட்டால் அந்த ஹாலுக்குக் கல்யாணமே தெரியாது.

மாமியார்: "இன்னா மாப்ள இது, எம்பொண்ணு கையே காணோம்?"

வீட்டில் முதல் தோசை தட்டிலேயே ஆறியது. கிரேசி சூடாக இன்னொன்று வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 11, வெள்ளி

லீவு. மழை இல்லை. பல் தேய்க்கும்போது உறைத்தது. எந்தப் படம் எந்த டிவிக்கு என்று பிரித்துவிடும் ஸ்விட்ச் பெட்டி பார்ப்பது முகவரியை மட்டும், போர்ட்டைப் பார்ப்பதில்லை. போர்ட்டை மாற்றியதால் பிரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு டிவிக்கும் இரண்டு படமும் போய் முட்டியிருக்கின்றன. டிவிகளோடு வந்த வாடகைப் பெட்டிகள், பாவம், திணறிவிட்டன.

பீடம் 239.10.10.1. கிரேசி 239.10.10.2. போர்ட் இரண்டுக்கும் 5004, ஞாபகம் வைக்க எளிது. போட்டேன். ஓடியது. ஹாலில் தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

மத்தியானம் ஷீலா வந்தாள். எல்லா டிவியையும் பார்த்தாள். போனில் தட்டி நீட்டினாள்: "மாமா, அவங்க என்னைப் பாப்பாங்க. நான் அவங்கள எப்படிப் பாக்குறது?"

இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபாதரிடம் போனோம். "பீடத்துக்குப் பக்கத்துல டிவியா?" என்று இழுத்தார். ஷீலாவைப் பார்த்தார். "அவங்களும் சாட்சிங்கதானே. அந்தத் தூண் ஓரமா வச்சிக்கோப்பா."

ஹாலில் ஒரு கேமரா, தூண் ஓரத்து டிவிக்கு: 239.10.10.3. ஷீலா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். நாளைக்குக் கல்யாணப் பெண்ணாம்.

ஜூலை 12, சனி

வெயில். கோட் பொத்தான் போடவில்லை.

நான் ஹாலில், டிவிகளுக்குக் காவல். சத்தத்தை இணைக்க மறந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர யாருக்கும் அது தேவையுமில்லை. அத்தனை பேரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள், கச்சாமுச்சாவென்று, சந்தை மாதிரி.

சம்மதம் கேட்கும் நேரம் எல்லாக் கைகளும் நின்றன. வினோத் சைகையில் சம்மதம் சொன்னான். பிறகு ஷீலா. அவள் சைகையைக் கோயிலுக்குக் குரலில் சொல்ல வேண்டியவள் கிரேசி. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டு, கண்ணைத் துடைத்து, மறுபடி திறந்தாள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. நல்லதுதான், கேட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

மோதிரம் போட்டதும் ஷீலா வினோத்தைப் பார்க்கவில்லை. தூண் ஓரத்து டிவி பக்கம் திரும்பினாள். ஹாலில் எல்லாரும் எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள், அவர்களுடைய கைதட்டல். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. வேகமாக ஏதோ சைகை செய்தாள். ஹாலே குலுங்கிச் சிரித்தது. பக்கத்து டிவியில் கிரேசி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஹாலில் புரியாத ஒரே ஆள் நான்.

வெளியே வந்ததும் கிரேசியைப் பிடித்தேன். "என்ன சொன்னா?"

"'பிரியாணிய முடிச்சிடாதீங்க, எனக்கும் வைங்க'ன்னா."

"என்னன்னு ஃபாதர் கேக்கலியா?"

"கேட்டாரு. ஆமென் சொல்றான்னுட்டேன்."