கெட்டித் தகரம்

தம்பி,

நேற்று சாயங்காலம் உன் பெண் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து என் முன்னால் விரித்தாள். பாக்கெட்டுக்கு மேலே அந்தக் கம்பெனியின் சின்னம். உன் காரின் மூக்கில் இருந்த, காலையில் எழுந்ததும் நீ லுங்கி நுனியால் துடைத்த அதே சின்னம்.

“அத்தை, அவங்க மறுபடியும் ஷோரூம் தொறக்கறாங்க. எனக்கு வேலை கெடச்சிருச்சு. நீ சரின்னு சொன்னாத்தான் போவேன்.”

“அவனுங்ககிட்டயா வேலைக்குப் போற? உங்கப்பன் செத்து வருஷம் திரும்பலடி!”

அவள் கோபப்படாமல் சட்டையை மடித்து வைத்தாள். உன் மகள் ஆயிற்றே. காலையில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பதில் சொல்லும் முன் உன்னிடம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

கார் வாங்கப் போகிறவன் ஓட்டிப் பார்ப்பான். நீ தட்டிப் பார்த்தாய். புதுச்சேரி ஷோரூமில் வரிசையாக நின்ற வண்டிகளை, சந்தையில் பானை வாங்குகிறவன் மாதிரி விரலை மடக்கித் தட்டிக்கொண்டே போனாய். டை கட்டின பையன் முறைத்தான். நீ கண்டுகொள்ளவில்லை. “நம்ம ஊரு உப்புக் காத்து சைக்கிள் மட்கார்டையே தின்னுடுது. இது கெட்டித் தகரம்க்கா. சத்தத்தைக் கேளு” என்றாய். மரக்காணத்தில் பிறந்தவனுக்கு அதைவிட வேறு என்ன கணக்கு வேண்டும்? நானும் தலையாட்டினேன்.

ஊருக்கு வந்ததும், அந்த வருஷம் உப்பளத்துப் பாத்தியில் முதன்முதலாக வாரிய உப்பில் ஒரு கை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, பானெட்டைத் திறந்து பேட்டரி பக்கம் கட்டினாய். கண் படக்கூடாது என்று அப்பா மாட்டுவண்டியின் அச்சில் கட்டுவாரே, அதே போல.

அதற்குப் பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை, இஸ்திரி, குயிலாப்பாளையத்து விருந்தினர் விடுதிகளிலிருந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குச் சவாரி. ஒருநாள் முன் சீட்டில் நானும் இருந்தேன். பின்னால் இருந்த வெள்ளைக்காரர் அந்தக் கார் கம்பெனியின் நாட்டுக்காரர். ஆரோவில்லில் ரொம்ப நாள் இருந்து தமிழ் பேசக் கற்றவர்.

“எங்க ஊர்ல இந்தக் கம்பெனி முழுகுது. வேலைக்காரங்க எல்லாம் ரோட்டுல நிக்கறாங்க. நீ ஏம்பா இதை வாங்கின?” என்று சிரித்தார்.

நீயும் சிரித்தாய். “முழுகினா எழுந்துரும் சார். பெரிய கம்பெனி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கோடையில் இன்ஜின் பெல்ட் அறுந்து வால்வெல்லாம் வளைந்தது. ஷோரூமில் “பார்ட் அடுத்த வாரம் வந்துரும்” என்றார்கள். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார்கள். நீ ஒவ்வொரு தடவையும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனாய். ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. பிறகு அங்கே செருப்புக் கடை வந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மெட்ராஸில் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கிருந்தவன் பானெட்டைத் திறந்ததும், தட்டிக்கழிக்கச் சாக்கு கிடைத்தவன் போல முகம் மலர்ந்தான்.

“என்னய்யா இது?”

“முதல் உப்பு சார்.”

“உப்பு மூட்டை கட்டி ஓட்டுவியா? ஒயரெல்லாம் பச்சை புடிச்சிருக்கு பாரு. இதுக்கு வாரண்டி கெடையாது.”

சுற்றி நின்றவர்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அறுந்தது பெல்ட்டு. உப்பு நடந்து போயி அதைக் கடிச்சுதா?” என்று நான் கேட்டேன்.

“நீங்க யாரும்மா?”

“சோத்துல உப்பு போட்டுத் தின்றவ!”

நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். “விடுக்கா. இவங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க. கம்பெனி கைவிடாது.” அன்றைக்கு அவன் மேல் வந்ததைவிட உன் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. இன்றும் தீரவில்லை. பொம்மையார்பாளையத்து மெக்கானிக் வீடு தேடி வந்து, வேறு வண்டிச் சாமானைப் போட்டு ஓட வைக்கிறேன் என்றான். “கம்பெனி சாமான்தான் போடணும்” என்று அவனையும் அனுப்பினாய். காருக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு உப்பு வாரப் போனாய். அப்போதும் சாயங்காலம் வந்து சின்னத்தைத் துடைத்தாயே, உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

மழைக்கு முன்னால், நடுப்பகலில், வரப்பிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உப்பு லாரி. பாதி வழியில் போய்விட்டாய். கார் ஓடியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னார். சரி. ஆனால் பின் சீட்டில் மெத்தைமேல், என் மடியில் தலை வைத்துப் போயிருப்பாய். சாக்கு மேல் போயிருக்க மாட்டாய்.

இப்போது அந்தக் கம்பெனி எழுந்துவிட்டதாம். அங்கே லாபமாம், இங்கே ஒரு பெரிய கம்பெனியோடு கை கோர்க்கிறதாம். பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ சொன்னது பலித்தது, போ. அவன் முழுகி எழுந்தான். அவனை நம்பி முழுகினவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன்னோடு சண்டை போட்டு முடிக்கவும் விடிந்தது. உன் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“போ. சோறு முக்கியம். ஆனா ஒண்ணு. சாமான் கேட்டு எவனாவது வந்தா, இல்லைன்னா இல்லைன்னு மொத நாளே சொல்லிடு. அடுத்த வாரம்னு மட்டும் உன் வாயில வந்துது, நானே பஸ் ஏறி வந்துருவேன்.”

“மானேஜரே அப்படிச் சொல்லச் சொன்னா, அத்தை?”

“எங்கப்பா அடுத்த வாரத்தைப் பாத்துக்கிட்டே செத்தாருன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் விரட்டினேன்.

எனக்கு அழுகை வரவில்லை, தம்பி. கோபம்தான் வருகிறது. நீ பட்டிருக்க வேண்டிய கோபம். நீ படாமலே போய்விட்டாய். உன் பங்கையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா