பிரசாதப் பாலில் நான் கலந்த அமுக்கராத் தூள்

…எறிந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன் தங்கச்சி. நீ நம்பமாட்டாய், மூன்று தடவை குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை. சாமித்தட்டைத் துடைக்கும்போது பிள்ளையார் படத்துக்குப் பின்னால் அந்த டின் கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. நனைந்த குதிரை மணம் என்று மருந்துக்கடை நானா சொன்னார். குதிரைக்குக் கிட்ட நான் ஒருநாளும் போனதில்லை, ஆனால் அமுக்கராத் தூளின் மணம் இனி எனக்கு மறக்காது. மூடியைத் திரும்பப் போடும்போது கொஞ்சம் சீலையில் கொட்டுப்பட்டுவிட்டது. அதைத் தட்டாமல் இருந்தபடியே இதை எழுதுகிறேன். நீ போய் நான்கு வருடம். இந்தக் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நானும் உன் மகளும்தான். உனக்குச் சொல்லாமல் நான் வேறு யாருக்குச் சொல்ல?

உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டில் மாதத் துடக்கு வந்தவள் விளக்குத் தொடமாட்டாள். விளக்கு வைக்கும் நாள் யாருக்கு என்று தெரியத்தான் கலண்டரில் நான் குங்குமப் பொட்டு வைத்துவந்தேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நீ சிரிப்பாய். "அக்கா, எங்கட உடம்பைப் பற்றிப் பிள்ளையாருக்கே தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும்" என்பாய். என்ன தெரிந்தது எனக்கு? பொட்டு வைக்கத் தெரிந்தது.

மாதத்தில் சில நாள் நீ வேறு ஆளாகிவிடுவாய். சோறு குழைந்துவிட்டது என்று பானையோடு கவிழ்த்தாய். பிறகு அந்தச் சோற்றைக் கையால் அள்ளிக்கொண்டே அழுதாய். "எனக்குள்ள வேற ஒருத்தி வந்து இருக்கிறாள் அக்கா" என்று நீ சொன்னதும் நான் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய், நூல் மந்திரித்து வாங்கிவந்து உன் கையில் கட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? நீ கையை நீட்டினாய். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு அந்தப் பின்னேரம். நீ கடைக்குப் போய்த் திரும்பவில்லை என்று தேடிவந்தேன். கடற்கரை ரயில் பாதையில், தண்டவாளத்துக்கு ஓரடி தள்ளி நின்றாய். கையில் கறிவேப்பிலை. தெகிவளைப் பக்கமிருந்து ரயில் கூவிக்கொண்டு வருகிறது. நான் உன் முழங்கையைப் பிடித்து இழுத்த இழுவையில் வளையல் உடைந்தது.

"விடு அக்கா. சும்மா கடலைப் பாத்தனான்" என்றாய்.

நானும் அதை நம்பியவள் போல வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு நீயும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வேறு நோய் வருத்தம் வந்துதான் உன்னைக் கொண்டுபோனது. ஆனால் ரயில் கூவும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக எதையோ பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ சொன்னது மகளின் படிப்பைப் பற்றியோ கலியாணத்தைப் பற்றியோ இல்லை. "அக்கா, அவளுக்கு நூல் கட்டாதை" என்றாய். நான் கட்டவில்லை தங்கச்சி. பிள்ளையார் அறிய, நூல் கட்டவில்லை.

அவளுக்கும் பொட்டு வைத்துவந்தேன். போன வருடம்தான் கவனித்தேன், பொட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்னாலிருந்து வீட்டில் கதவுகள் படார் படாரென்று அடிபடும். வேலையால் வந்து விளக்குப் போடாமல் இருட்டில் இருப்பாள். ஏன் பிள்ளை என்றால், "என்னோட கதையாதேங்கோ" என்பாள். பொட்டு வந்த மறுநாள், "பெரியம்மா, இண்டைக்குத் தோசை சுடுவமோ?" என்று பின்னால் வந்து கழுத்தைக் கட்டிப்பிடிப்பாள். உன்னைப் போலவே.

ஒருநாள், "கடற்கரைப் பக்கம் நடந்திட்டு வாறன்" என்றாள். எனக்கு அந்த ரயில் பாதைதான் கண்ணில் வந்தது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சனமெல்லாம் பார்க்க ஓடினேன். அவள் ஒரு கல்லில் குந்திக்கொண்டு கடலை வடை தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பெரியம்மா, ஒலிம்பிக்கோ?" என்றாள். "இந்தாங்கோ, ஒரு வடை சாப்பிடுங்கோ, மூச்சு வாங்குது."

வடையை வாங்கினேன். தின்னாமல் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் பெண்களின் வாட்ஸப் குழுவில் ஒருத்தி வீடியோ அனுப்பினாள். துடக்குக்கு முந்திய கோபத்துக்கும் அழுகைக்கும் அமுக்கரா, அதுதான் அஸ்வகந்தா, நல்லது, துளசி நல்லது, சாத்தாவாரி நல்லது, மூலிகை ஒருநாளும் கெடுதல் செய்யாது என்று ஒரு வெளிநாட்டுத் தமிழ்ப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் மறுநாளே கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் நின்றேன்.

"யாருக்கு அக்கா?" என்றார் நானா.

"எனக்குத்தான். நித்திரை இல்லை."

"வேற இங்கிலிஷ் மருந்து ஏதும் குடிக்கிறீங்களா? அப்பிடியெண்டா டாக்டர்ட்ட கேட்டுட்டுக் குடிங்க. இதுவும் மருந்துதான், மாவில்ல."

"ஒண்டும் குடிக்கிறேல்லை" என்றேன். எனக்குத்தான் என்று சொன்ன பொய்யில் அது மட்டும் உண்மை.

அவள் இந்த வாடைக்குக் குடிக்கமாட்டாள் என்று தெரியும். கேட்டுக் கொடுக்கவும் பயம். கேட்டால் ஏன் என்பாள், ஏன் என்றால் ரயில் பாதை வரைக்கும் போக வேண்டும். அதனால் பாலில் தூளைக் கலந்து, சர்க்கரையும் ஏலமும் போட்டு, பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, "நேர்த்திப் பால் பிள்ளை, நாற்பத்தெட்டு நாள்" என்று கொடுத்தேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லாத பிள்ளையாக அவளை வளர்த்தவள் நீ.

"என்ன பெரியம்மா, பிள்ளையார் இப்ப குதிரையிலயோ வாறார்?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேன் தங்கச்சி, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கதவு அடிபடும் நாட்களில் பயம் கூடும், பயம் கூடினால் கரண்டியும் கூடும். ஒன்று இரண்டானது.

அடுத்த மாதம் அவள் அமைதியாகிவிட்டாள். மேசையில் தலையைச் சாய்த்தபடி தூங்கினாள். நான் அதைச் சுகம் என்று நினைத்து ஐந்து தேங்காய் உடைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கு இறங்கியவள் படியில் தலை சுற்றி விழுந்தாள். கீழ்வீட்டுக்காரி குளறிய சத்தத்தில் ஓடிவந்தேன். நெற்றி வெடித்து இரத்தம். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் சொல்லப் பார்த்தேன், ஒரு வரியும் வாயில் வரவில்லை. மடியில் இருந்தது அவளா நீயா என்று கூட ஒரு கணம் தடுமாறிவிட்டது.

டொக்டர் பெண் தமிழ்ப் பிள்ளை. தையல் போட்டுவிட்டு, "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

உன் மகள் கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். துடக்குக்கு முந்திய இரண்டு கிழமை மட்டும் குடிப்பதாம், மனம் கலங்காமல் இருக்க. இன்னொரு டொக்டரிடம் தானே போய், தானே சொல்லி, தானே வாங்கியிருக்கிறாள். இரண்டு மாதமாக. எனக்குத் தெரியாது.

"வேற ஒண்டும் இல்லையோ? ஆயுர்வேதம், கசாயம்?"

"இல்லை டொக்டர்."

நான் சுவரோடு நின்றேன். சொன்னால் இனி என் கையால் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். சொல்லாவிட்டால்? வாயைத் திறந்தது நானில்லை, பயம்தான் திறந்தது.

"நான் குடுத்தனான் டொக்டர். அமுக்கராத் தூள். ஒவ்வொரு நாளும். பாலில."

உன் மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "பிரசாதத்திலயோ பெரியம்மா?"

நான் தலையாட்டினேன்.

"அதுவும் நித்திரையைக் கூட்டும்" என்றாள் டொக்டர். "இந்தக் குளிசையோட சேர்ந்து என்ன செய்யும் எண்டு எங்களாலயே சரியாச் சொல்லேலாது. சில பேருக்கு ஈரலையும் தாக்கும். உடன நிப்பாட்டுங்கோ. இரத்தம் ஒருக்கால் பாப்பம்."

இரத்த முடிவு வர இரண்டு நாள். ஈரல், ஈரல் என்று அந்த ஒரு சொல்லையே மனம் உருட்டியது. பிள்ளையாரிடம் கேட்கவும் முகமில்லை, அவர் பெயரில்தானே கொடுத்தேன். முடிவு நல்லதாக வந்தது. நான் அழுதேன், அவள் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு கிழமை தன் தேத்தண்ணீரைத் தானே போட்டாள். நான் பக்கத்தால் போனால் கோப்பையின் வாயைக் கையால் மூடினாள்.

பிறகு ஒருநாள் அவளே என் பக்கத்தில் வந்து இருந்தாள். "இதை இப்ப வடிவான போத்தலில அடைச்சு, மன அழுத்தம் குறைக்கிற அடப்டோஜென் எண்டு பேர் வைச்சு விக்கினம் பெரியம்மா. சில பேருக்கு நல்லதாயும் இருக்கலாம். டொக்டரிட்டைக் கேட்டு நானே குடிச்சிருப்பன். நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"பயம் பிள்ளை."

"என்ன பயம்? நான் கடிப்பனோ?"

அவள் கலண்டரைக் கழற்றி, தன் பேனையால் தன் பொட்டைத் தானே வைத்தாள். "இனி இது என்ர வேலை. சரியோ?" பிறகு கேட்டாள், "அம்மாவுக்கும் இப்பிடி இருந்ததோ? அடுத்த முறை வரேக்க கேட்டுக்கொண்டு வரச் சொன்னவ டொக்டர்."

"எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

வருகிற திங்கள் அவளுக்கு டொக்டரிடம் போகும் நாள். இன்று காலையும் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள். அவளுடைய பத்து நாள் நேற்றுத் தொடங்கிவிட்டது, பேனைக் கோடு போட்டிருக்கிறாள். சொன்னால், தாய் நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டியவள் என்று எடுத்துவிடுவாளோ? சொல்லாவிட்டால், இன்னொரு தடவை பாலில் கலந்தவளாகிவிடுவேனோ? டின்னை எறியாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். வாடை மூக்கில் இருக்கும்வரை நான் அவளிடம் கேட்காமல் எதையும் செய்யமாட்டேன். வேலையால் வந்ததும் சொல்லப்போகிறேன். கறிவேப்பிலை, உடைந்த வளையல், எல்லாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று அந்த நாளை மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் தங்கச்சி. இப்போதுதான் வருகிறது. மறுநாள் விடிய நீ குளியலறைக்குள் இருந்து, முந்தின நாள் ஒன்றுமே நடக்காதது போல, "அக்கா, இண்டைக்கு விளக்கை நீயே வை" என்று கூப்பிட்டாய். நான் குங்குமத்தைத் தொட்டு, கலண்டரில், ரயில் பாதை நாளுக்கு அடுத்த கட்டத்தில், உன் பொட்டை வைத்தேன்.