காத்திருப்புப் பட்டியலில் என் பெயர்

உன் உம்மா இன்று காலை ஆலங்குடாவிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்திருந்தார். பிள்ளை பெற்ற உடம்புக்கென்று மிளகும் மஞ்சளும் கொத்தமல்லியும் வறுத்து இடித்த தூள், ஒரு டின் நிறைய. மூடியைத் திறந்ததும் உங்கள் குசினி வாசம் முகத்தில் அடித்தது. என் மகளுக்கு இன்றோடு முப்பத்திரண்டு நாள். மூச்சு விடுகிறாளா என்று நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

நாம் இருவரும் ஒரே புலமைப்பரிசிலுக்குத்தான் விண்ணப்பித்தோம். வெளிநாட்டில் இரண்டு வருஷ முதுமாணிப் படிப்பு. விமானச் சீட்டிலிருந்து தங்குமிடம் வரை அவர்கள் செலவு. கொழும்பில் நேர்முகத் தேர்வு முடிந்து புத்தளம் பஸ்ஸில் திரும்பும்போதே நீ சட்டம் போட்டாய்: "ரெண்டு பேருக்கும் கெடச்சா சோறாக்குறது நீ, திங்கிறது நான்."

முடிவு வந்த அன்று உனக்குக் கிடைத்துவிட்டதென்று தொலைபேசியில் கத்தினாய். எனக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். எனக்கு வந்த மின்னஞ்சலில் இன்னொரு வரியும் இருந்தது: தெரிவானவர்களில் யாராவது விலகினால் அடுத்த இடம் எனக்கு. அதை உன்னிடம் சொல்லவில்லை.

வாப்பா இல்லாத வீடு. நீ ஒரே பிள்ளை. உம்மாவுக்குப் பயம். "ஒண்ட கூட்டாளி வந்து சொல்லட்டும். அவ பொய் சொல்ல மாட்டா. அவ ஓமெண்டா விடுறன்" என்றாராம். என்னை அழைத்துப்போகும் வழியெல்லாம் பாடம் நடத்தினாய்.

"பொம்புளப் புள்ளையளுக்குத் தனி விடுதி ஈக்கு, தொழுற எடம் ஈக்கு, ஹலால் கடை ஈக்கு. இந்த மூணையும் சொல்லு, போதும். வேற ஒண்டும் நடிக்கப் போகாத, ஒனக்கு வராது."

உம்மா தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார். "மகள், அங்க ஒரு குமர்ப் புள்ள தனியா ஈக்கேலுமா?"

"எனக்குத் தெரியாது உம்மா."

அந்த விடுதியின் படங்களை எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். தொழும் அறை எந்த மாடியில் என்பதுகூடத் தெரியும்.

வெளியே வந்ததும் "ஏன்டீ அப்படிச் சொன்ன?" என்று பிடித்துக்கொண்டாய். நேரில் பார்க்காத இடத்துக்கு எப்படிப் பொறுப்புச் சொல்வது என்றேன். "போடீ, ஓதிப் படிச்ச பெரிய ஆலிமா!" என்று சிரித்தாய். அதற்குப்பின் ஒருநாளும் கேட்கவில்லை.

உம்மா உன்னை விடவில்லை. நீ விலகி மூன்று கிழமையில் அந்த இடம் எனக்கு வந்தது. நீ ஒரு துளியும் சந்தேகப்படவில்லை. குளிருக்கென்று சந்தையில் வாங்கி வைத்திருந்த ஸ்வெட்டரை என் பெட்டிக்குள் திணித்தாய். "இத ஆலங்குடாவுல போட்டா அவிஞ்சிதான் போவன். நீ கொண்டு போ."

இரண்டு குளிர்காலமும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். படித்து முடித்து நான் வந்த அடுத்த வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலேயே நீ போய்விட்டாய்.

இன்று உம்மா என் மகளை மடியில் கிடத்திக்கொண்டு திடீரென்று அந்தக் கதையை எடுத்தார்.

"அண்டைக்கு நீ தெரியாதெண்டு சொன்னபடியாத்தான் நான் அவள விடல்ல. போயிருந்தா அந்த ரெண்டு வருஷமும் எனக்குக் கெடச்சிருக்காது மகள். ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்குத் துஆக் கேக்கிறன்."

சொல்லிவிட நினைத்தேன். வாய்வரைக்கும் வந்தது. உன்னை இழந்தவருக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வருஷம்தான். அது எப்படிக் கிடைத்தது என்று சொன்னால் அதுவும் கசந்துபோகும் என்று பயம். அல்லது அதுவும் நானாகச் சொல்லிக்கொள்ளும் சாட்டோ, தெரியவில்லை. இம்முறை உண்மையாகவே தெரியவில்லை.

உம்மா என் தலையில் கை வைத்தார். "அல்லாஹ் ஒன்னையும் ஒண்ட புள்ளையையும் நல்லா வெக்கட்டும்."

என் மகளுக்காகவும் கேட்ட துஆ அது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆமீன் என்றேன்.