சனியை நேருக்கு நேர்

25.10.2025
தீபாவளி முடிந்தது. பாண்டிமுருகன் கடைசி லோடு பட்டாசையும் இறக்கிவிட்டு வேனைக் கழுவுகிறான். என் இடது கண் புரையை எடுக்க, சீசன் முடியட்டும் என்று சொன்ன மகன் இவன்தான். முடிந்துவிட்டதே என்றேன்.

"ஒங்களுக்கு ஜென்மச் சனி நடக்கும்மா. கண்ணுல கத்தி படக்கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. மாசியில சனி பெயரட்டும்."

கண் யாருடையது? ஜோசியருடையதா?

29.10.2025
ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பேப்பர் வாசிப்பதை இதுவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. இவன் நிறுத்தப் பார்க்கிறான்.

4.11.2025
இதே ஜோசியர் குறித்த நாளில்தான் காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டோம். புழுதிதான் பறந்தது. கேட்டால், "அது பூமிக்கோளாறும்மா" என்கிறான். தண்ணீர் வராவிட்டால் பூமிக்கோளாறு, என் கண்ணுக்கு மட்டும் சனியா?

21.11.2025
எப்படி எழுதுவேன்!

பள்ளிக்கூட மைதானத்தில், விருதுநகர் காலேஜில் படிக்கும் பர்ஹத் என்ற பெண் டெலஸ்கோப் வைத்திருந்தாள். இன்றைக்குச் சனி கிரகம் தெரியும் என்று மைக்கில் சொன்னதும் பாதிச் சனம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. நான் வரிசையில் நின்றேன்.

கொழுந்தன் கோட்டைச்சாமிக்கு இளக்காரம். "என்ன மதினி, அங்கனயும் எள்ளுவிளக்கு போடப் போறீகளா?"

"ஒம்ம வாயிலதான் போடணும். தள்ளும்."

கோயிலில் சனிக்கு எதிரே நிற்காதே, ஒதுங்கி நின்று கும்பிடு என்பார்கள். இத்தனை வயதுக்கு அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. டெலஸ்கோப்பில் நல்ல கண்ணை வைத்தேன்.

அம்மாடி! கன்னங்கரேலென்ற இருட்டில், நெய் நிறத்தில் ஒரு மணி. குறுக்கே நூலாக ஒரு கோடு. மூச்சுவிடவும் மறந்து நின்றேன். மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டார்.

"ஓடிட்டாரே!"

"அவரு ஓடல பாட்டி. நம்ம பூமி சுத்துது."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"படத்துல பெரிய வளையமில்ல போட்டிருக்கு? கோட்டைக் காட்டி ஏமாத்துறியா?"

சிரித்தாள். "வளையத்தோட விளிம்புதான் இப்ப நமக்குத் தெரியுது. மொதமொதல்ல இப்படிக் கண்ணாடி வச்சுப் பாத்தவரும் தெகைச்சுத்தான் போனாரு. காது மாதிரி ரெண்டு பக்கமும் என்னமோ தெரிஞ்சுச்சாம். ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தா காதைக் காணோம்! வளையம்னே அவருக்குத் தெரியாது பாட்டி."

அந்த மனிதர் பயந்துபோய் ஒதுங்கி நின்றாரா? இல்லையே. திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

நான் பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதாம். நான் உலை வைத்தபோது கிளம்பியிருக்கும். அம்புட்டுத் தூரத்தில் இருக்கிறவருக்கு என் கண்புரையைக் காவல் காக்கிறதா வேலை?

22.11.2025
அவர் அழகு என்று ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லையே, பாவிகளா! பயப்பட மட்டும்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்.

5.12.2025
மதுரை ஆஸ்பத்திரியின் கண் முகாம் வேன் வந்தது. ஏறிவிட்டேன். மருமகள் கற்பகவல்லிதான் பை கட்டிக் கொடுத்தாள்.

"அவுக கேட்டா என்னத்தச் சொல்ல அத்த?"

"அத்தை எங்கிட்டக் கேக்கலன்னு சொல்லு."

7.12.2025
நேற்று ஆபரேஷன். இன்று காலையில் கட்டைப் பிரித்தார்கள். சுவர் இத்தனை வெள்ளையா?

மத்தியானம் பாண்டிமுருகன் வந்தான். சண்டை போடத்தான் வந்திருப்பான். என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"வலிக்காம்மா?"

"இல்ல."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாக, "ஊருல யாரும் கேட்டா வெள்ளிக்கிழமை பண்ணாகன்னு சொல்லுங்கம்மா. சனிக்கிழமைன்னு சொல்லிராதீக" என்றான்.

"சனிக்கிழமைன்னுதாம்லே சொல்லுவேன்."

தலையைக் குனிந்துகொண்டான். உச்சியில் பூராவும் நரை. எனக்குத் தெரியவே தெரியாது.