கீழ்வீட்டு நாற்றம்

மார்ச் 3
மறுபடி அதே நாற்றம். ரப்பர் கருகுகிற நாற்றம். கீழ்வீட்டில் இஸ்திரி போடுகிறாளே, அவள் வேலைதான். நாள் முழுக்கப் பெட்டி சூட்டிலேயே கிடக்கிறது, வயர் உருகுகிறது, அது தெரியாமல் ஒரு ஜென்மம். இறங்கிப் போய்க் கேட்டேன். வயரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "போன மாசம்தான் மாத்தினேன் தம்பி. நீயே மோந்து பாரு."
மோந்து பார்க்க நான் என்ன நாயா?

மார்ச் 6
கம்பெனியிலிருந்து, காற்றில் புகையோ வாயுவோ இருந்தால் காட்டுகிற கேஸ் மீட்டர் கொண்டுவந்தேன். நாற்றம் வந்ததும் மாடிப்படியில் பிடித்தேன். பூஜ்யம். இந்த மாடல் எல்லாவற்றையும் பிடிக்காது.

மார்ச் 9
வேறு மாடல். அதுவும் பூஜ்யம். சீனியரிடம் சொல்லித் தொலைத்தேன். "ரெண்டு மீட்டரும் பொய், உன் மூக்கு மட்டும் மெய்யா? அதுக்குக் கடைசியா எப்பப்பா காலிப்ரேஷன் பண்ணின?" எல்லாரும் சிரித்தார்கள். மீட்டர்களைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. எது பொய் சொல்லும் என்று எனக்கா தெரியாது?

மார்ச் 10
மேசையெல்லாம் டீ. நான் கொட்டவில்லை. "கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நின்ன. ரெண்டு தடவை கூப்பிட்டேன்" என்கிறார் சீனியர். தூக்கமில்லை, அவ்வளவுதான். யாரால் தூக்கமில்லை என்று எழுதவே வேண்டாம்.

மார்ச் 14
படியில் அவளோடு சண்டை. "இந்தக் கட்டடத்துல யாருக்கும் வராத நாத்தம் உனக்கு மட்டும் எப்படிப்பா வருது?"
என் மூக்கு வேலை செய்கிறது, அதனால்தான் என்றேன்.
"அப்போ அதைக் கழட்டி வச்சிட்டுத் தூங்கு."
ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டேன். ஒன்று அவள் இருக்கட்டும், இல்லை நான். தீப்பிடித்தால் பொறுப்பு உங்களுடையது என்றும் சொன்னேன். மனுஷன் பயந்துவிட்டார்.

மார்ச் 19
அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். நல்லது.

மார்ச் 31
வண்டி வந்தது. மேசை, துணி மூட்டைகள், கடைசியாகப் பெட்டி. "என் வாடிக்கை எல்லாம் இந்தத் தெருவுலதான் இருக்கு. நீ நல்லா இரு" என்றாள்.
நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஏப்ரல் 2
கீழ்வீட்டைக் கழுவிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து போட்டிருக்கிறார்கள். மெயின் ஸ்விட்ச்கூட அணைத்தாயிற்று.
நாற்றம் வந்தது.
கீழே ஓடிப்போய் வெறும் தரையில் நின்றேன். எங்கும் ஒன்றுமில்லை. மூக்கை இறுக்கிப் பிடித்தேன் – குறையவே இல்லை. மூடின மூக்குக்குள்ள எப்படிடா வரும்? உள்ளே எதுவுமே போகாமல் ரீடிங் காட்டுகிற மீட்டர் என் மேசைக்கு வந்தால் என்ன சீட்டு ஒட்டுவேன்?

ஏப்ரல் 6
நரம்பு டாக்டர். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "மூக்கு சேதி அனுப்பும், அவ்வளவுதான். அது என்ன வாசனைன்னு முடிவு பண்றது மூளை. உங்களுக்கு, சேதியே வராம முடிவு வந்துடுது."
நாற்றம் வந்தபின் கொஞ்ச நேரம் நினைவு தப்புகிறதா என்று கேட்டார். டீ கொட்டியதைச் சொன்னேன். வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாமாம், கைகால் வெட்டாதாம். ஸ்கேன் எடுக்க வேண்டும். பைக் ஓட்டக் கூடாது.
"நிஜமாவே ஏதாவது கருகினா எனக்கு எப்படித் தெரியும்?"
"தெரியாது. பக்கத்துல இருக்கவங்களைக் கேட்டுக்கோங்க."

ஏப்ரல் 8
ஓனரிடம் நம்பர் வாங்கி இஸ்திரிக்கார அக்காவைக் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் ஈரத் துணி மேல் பெட்டி சீறுகிற சத்தம் மட்டும். கடைசியில் கேட்டார்: "சரி, இப்ப யாரைக் காலி பண்ணச் சொல்லப் போற?"
வைத்துவிட்டார்.

ஏப்ரல் 11
சாயங்காலம் நாற்றம். அடுப்பு அணைந்திருக்கிறது. பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டேன். மீட்டர் பூஜ்யம். கேட்டுவிடலாமென்று இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டாவது முறை தட்டும்போதுதான் பூட்டைப் பார்த்தேன்.