நான் தைத்த எடைப் பை

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிற வாண்டும் சௌக்கியம்தானே. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று அப்பா தடுத்தார், ஆனால் உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சுகாதார நிலையத்தில் மாதாமாதம் நான் குழந்தைகளுக்கு எடை பார்க்கிற தொங்கு தராசில் பழைய பை வலைத்துணி, தொடையை அறுத்துப் பிள்ளைகள் வீறிட்டு அழும். பாவமாக இருந்ததால் உன் பழைய ஜீன்ஸைக் கிழித்து, உள்ளே துண்டு வைத்து, மெத்தென்று ஒரு பை தைத்தேன். அழுகை நின்றது, எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. பை மாற்றினால் வெறும் பையைத் தொங்கவிட்டு முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும் என்பது மட்டும் மறந்துபோனது. பை மாற்றிய மூன்றாம் மாதம் கடைசிக் குழந்தையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தால், வெறும் பைக்கு முள் நானூறு கிராமில் நிற்கிறது. உடனே பதிவேட்டைப் புரட்டினேன்.

நாற்பத்தொரு குழந்தைகள், அத்தனை பேருக்கும் நானூறு கிராம் கூட்டி எழுதியிருக்கிறேன். யாருக்கும் தெரியாதபோது நீயாகப் போய் ஏன் மாட்டிக்கொள்கிறாய் என்று அப்பா சத்தம் போட்டார், போட்டுவிட்டு அவரே ஸ்கூட்டரில் என்னை வீடு வீடாகக் கூட்டிப்போனார். கடிகாரம் பழுதுபார்ப்பவர் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. அவர் மனைவி இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அக்கா, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆகுது, பிள்ளையத் தூக்கினா கனமே இல்லக்கா என்று. முள்ளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா, போம்மா என்று சிரித்து அனுப்பியவள் நான்தான். நானூறைக் கழித்தால் பிள்ளையின் எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது என்ற உண்மையைச் சொன்னதும் அவள் மாமியார் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். அவளோ எதுவும் திட்டாமல் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வாங்கக்கா ஆஸ்பத்திரிக்கு என்றாள். ஒன்பது நாள் கூடவே இருந்தேன். முதல் மூன்று நாள் டாக்டர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நேற்று அந்தப் பொடிசு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி இழுத்தாள், நான் அழுதேவிட்டேன். மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

அங்கே உனக்குப் பெரிய மிஷின்கள், படித்த டாக்டர்கள், எல்லாம் இருக்கின்றன. சொல்வதைக் கேட்டு நட, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, வழுக்கும் செருப்பைத் தூக்கிப்போடு. ஆனால் வயிற்றில் அசைவு குறைந்த மாதிரி உன் மனசுக்குப் பட்டால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னாலும் எழுந்து வந்துவிடாதே. இன்னொரு தரம் பாருங்கள் என்று கேள், சிரித்தால் சிரிக்கட்டும், திட்டினால் திட்டட்டும், பார்க்கும்வரை உட்கார்ந்திரு. என்னைப்போல நல்ல மனசோடு தப்புப் பண்ணுகிறவள் அங்கேயும் ஒருத்தி இருப்பாள், கண்ணு.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நீங்கள் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா