சுக்குவுக்கு மிளகைத் தெரியவில்லை

மதுரை,
நவம்பர் 4, செவ்வாய்.

அன்புத் தங்கை சுந்தரா,

நலம் என்று தொடங்கினால் கடிதத்தின் முதல் சொல்லே பொய்யாகிவிடும். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, கல்லூரிக்குப் போய் வருகிறேன், சாப்பிடுகிறேன். உன்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தம்பி கோகுல் உன் உடம்பைப் பற்றி அடிக்கடி சொல்கிறான். அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் வீட்டு மொழியில் பேசுகிறோம். அதில் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. அந்த மொழியில் எழுத உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் வகுப்பில் நிற்பது போல முதுகு நிமிர்ந்துவிடுகிறது. ஆகவே கடிதம். கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். உன் பூனைகள் சுக்குவும் மிளகும் ஒரு மாதமாகத் தனித்தனி அறையில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்க்கவிட்டால் கடித்துக் குதறிக்கொள்கின்றன. நீ கேட்டபோதெல்லாம் நான் அனுப்பிய படங்கள் பழையவை. ஒரு படத்தில் பின்னால் தெரிந்த தேதி காலண்டரைப் பார்த்து, "என்ன அக்கா, நம்ம வீட்டில் இன்னும் செப்டம்பர் மூணுதானா?" என்று கேட்டாய். கிழிக்க மறந்துவிட்டேன் என்றேன். நீ மேலே எதுவும் கேட்கவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அக்டோபர் முதல் வாரத்தில் மிளகுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. மணல் தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து கத்தியது. டாக்டர் அழகுராஜாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். குழாய் போட்டு, முன்னங்காலில் மயிரைச் சிரைத்து ஊசி ஏற்றி, இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் சுக்கு வாசற்கதவின் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சோறு தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை கூடையைக் கூடத்தில் வைத்துத் திறந்தேன். சுக்கு ஓடி வந்தது. மூக்கை நீட்டி ஒருமுறை முகர்ந்தது. பிறகு நடந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. வால் பாட்டில் கழுவும் பிரஷ் போல ஆகிவிட்டது, காது தலையோடு ஒட்டிக்கொண்டது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம். மிளகு ஒன்றும் புரியாமல் எப்போதும் போலத் தலையை முட்டப் போனது. சுக்கு அறைந்தாள் ஒரு அறை. மிளகு உன் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. மாலை வரை வரவில்லை.

வேலைக்கு வரும் ராமக்காள் பார்த்துவிட்டு, "யம்மா, ஆஸ்பத்திரியில பூனைய மாத்திக் குடுத்துட்டாய்ங்க, நல்லாப் பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் போன பிறகு மிளகைப் பிடித்துத் தாடைக்குக் கீழே வெள்ளைப் புள்ளி இருக்கிறதா, வால் நுனி மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தன.

தெருவுக்கும் தெரிந்துவிட்டது. இங்கே எது தெரியாமல் இருக்கும்? அரிசிக் கடை முத்திருளன், "என்ன டீச்சர், அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்ல? மூணாவது மனுசர வச்சுப் பேசி முடிங்க" என்கிறார். தினமும் இதையே கேட்கிறார். தினமும் அவரே சிரிக்கிறார்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "மேடம், பூனைக்கு மூஞ்சியெல்லாம் ரெண்டாவதுதான், மொதல்ல மூக்கு. இங்கருந்து போறப்ப ஸ்பிரிட்டு, நாய், மருந்து எல்லா வாசனையையும் அப்பிக்கிட்டுல்ல போகுது. அதுக்கு இது வேற எவனோ" என்றார். எத்தனை நாளில் சரியாகும் என்றேன். சிலது இரண்டு நாள், சிலது இரண்டு மாதம், சிலது சரியாகாமலே போய்விடும் என்றார். புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறவளிடம் இதைக் கணிப்பு என்று சொல்லாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இரண்டும் யார் படுக்கையில் தூங்கும் என்று கேட்டார். என் தங்கையின் படுக்கையில், இரண்டு பக்கமும் என்றேன். அப்படியானால் வேலை சுலபம், அவர் உடுத்திய துணி, தலையணை உறை ஏதாவது ஒன்றை எடுத்து இதையும் அதையும் மாற்றி மாற்றித் தேயுங்கள், இரண்டுக்கும் ஒரே வாசனை வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் கடைசியில் நீ பத்து நாள் வந்து இருப்பதாக இருந்தது அல்லவா? கிருமி படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் கோகுல் அனுப்பியிருந்தான். நான் அதை வரிக்கு வரி படித்துச் செய்தேன். உன் சேலை, நைட்டி, போர்வை, திரை, மிதியடி, எதையும் விடவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, கிருமிநாசினி ஊற்றி அலசி, மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். அலமாரி முழுக்க அந்துருண்டை. மருந்து ஏற்றியதில் ரத்த அணுக்கள் குறைந்துவிட்டதால் நீ வரவில்லை. நானும் அதற்குப் பிறகு அந்த அலமாரியைத் திறக்கவில்லை.

அன்று மாலை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் தொங்கும் பை, குடைத் துணி, துண்டு. உன் சீப்பைக்கூட வெந்நீரில் போட்டிருக்கிறேன். எல்லாம் உன்னுடையவை. எதிலும் நீ இல்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி தலையணை உறையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றதை மிளகு கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சரி என்று என் சேலை ஒன்றைத் தேய்த்துப் பார்த்தேன். நான் பூனைகளைப் படுக்கையில் விட்டதில்லை, மடியிலும் விட்டதில்லை. அந்தச் சேலை இரண்டுக்குமே பிடிக்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டாக்டர் சொன்ன மற்றதையெல்லாம் செய்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றுக்கும் அந்தப் பக்கம் ஒன்றுக்கும் சோறு வைத்தேன். அறை மாற்றினேன். தட்டு மாற்றினேன். நோட்டில் எழுதி வந்தேன். உறுமல் குறைந்தது போலத் தெரிந்தது. எனக்கு வேண்டியதைத்தான் நான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு கதவைத் திறந்தேன். சுக்குவின் காது கிழிந்தது. விலக்கப் போன என் வலது கையில் நான்கு கோடுகள். ஊசி போட்டாகிவிட்டது, பயப்படாதே. எழுதும்போது மட்டும் இழுக்கிறது.

ராமக்காள் ஒரு வழி சொல்கிறார். மேலூர்ப் பக்கம் அவர் ஊரில் நெற்களம் இருக்கிறதாம். "எலி அம்புட்டு கெடக்கு. ஒண்ண எங்கிட்ட விட்ருங்க. நீங்களும் இந்தக் கையோட எம்புட்டு நாளைக்குத்தான் மல்லுக்கட்டுவீக?" என்கிறார். அவர் கொழுந்தன் மருது வருகிற ஞாயிறன்று மூடிபோட்ட கூடையோடு வருகிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எதை அனுப்புவது? மிளகுக்கு இனி ஆயுள் முழுக்கத் தனிச் சாப்பாடு. களத்தில் அது ஒரு வாரம் தாங்காது. சுக்கு ஆறு வருடத்தில் தெருவில் கால் வைத்ததில்லை. கோகுலிடம் கேட்டால், இரண்டையுமே அனுப்பிவிடு, சுந்தரா அக்கா இனிமேல் இங்கேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரியும் பக்கம் என்கிறான். அவன் சொல்வதில் தர்க்கப்பிழை இல்லை. அதனாலேயே அவனோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

இதை உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ வீடியோவில் வருவதை நிறுத்திய அன்று சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறது அக்கா, இப்படியே வந்து நின்றால் சுக்கு என்னைக் கடித்துவிடும் என்றாய். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் இது நடந்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மிளகு உன் அறைக் கதவின் இடுக்கில் முன்னங்காலை விட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. சிரைத்த இடத்தில் மயிர் முளைத்துவிட்டது. அந்தப் பக்கம் உறுமல் கேட்டால் காலை இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விடுகிறது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, சுந்தரா. ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தான். அவ்வளவுதான்.

இதோடு இரண்டு படங்கள் அச்செடுத்து வைத்திருக்கிறேன். தனித்தனிப் படங்கள். காலண்டரில் தேதி சரியாக இருக்கிறது.

நீ கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். போகும்போது உன் பழுப்புச் சால்வையை எடுத்துப் போனாய். இரண்டும் குட்டியிலிருந்து படுத்துப் புரண்ட சால்வை. அதைத் துவைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கோகுல் மகள் ஸ்ரீவர்ஷினியிடம் கொடு. கூரியரில் போட்டுவிடுவாள். ஞாயிறுக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது. வரவில்லையென்றால் மருதுவைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ராமக்காள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பரவாயில்லை. இதனால் பலன் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சால்வையைத் துவைத்துவிட்டார்கள் என்றால் இன்று நீ போட்டிருப்பதைக் கழற்றி அனுப்பு. மருந்து வாசனை அடிக்குமே என்று தயங்காதே. அந்த வாசனையோடுதானே நீ வீட்டுக்கு வரப்போகிறாய். இரண்டும் இப்போதிருந்தே பழகட்டும். நானும் பழகிக்கொள்கிறேன்.

ஆசீர்வாதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீ சாப்பிட வேண்டும். தூங்க வேண்டும். உன் அறைக்கு வந்து சேர வேண்டும். அதுவரை அந்த அறையில் இனி நான் எதையும் கழுவ மாட்டேன்.

உன் அக்கா,
ஹம்சவேணி